மச்சான் நிரப்பித் தந்த டேங்க்

மட்டாஞ்சேரி வீட்டில் என் டூ-ஸ்ட்ரோக் குவாட் பைக்கை, அந்த நாலு சக்கர வண்டியை, நானேதான் டியூன் செய்கிறேன். அதற்குப் பெட்ரோலில் ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் ஓடும்போதே எஞ்சின் இறுகிவிடும். வண்டியை இரவல் வாங்கிய மனைவியின் அண்ணனிடம் இதைச் சொல்லித்தான் கொடுத்தேன்.

திரும்பக் கொண்டுவந்தவர், "டேங்க் ஃபுல்லாக்கியிருக்கேன் மாப்ளே. சும்மா கொண்டுவந்து விடற ஆளு நானில்ல" என்றார். மரியாதை கருதி நான் திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் பள்ளுருத்தி மைதானத்தில் வேகமெடுத்ததும் எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. தூக்கி எறியப்பட்டதில் தோள் எலும்பு முறிந்தது. மச்சான் நிரப்பியிருந்தது வெறும் பெட்ரோல்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க வந்த மச்சான் சாயா குடித்துக்கொண்டே, "வீட்டில வெச்சு நோண்டினா இப்படித்தான்" என்றார். என் மனைவியும் தலையாட்டினாள்.

இப்போது யார் வண்டியைத் திருப்பித் தந்தாலும், அவர்கள் கண்ணெதிரே டேங்கைக் காலி செய்கிறேன். அது அவமரியாதையாம். மரியாதை பார்த்துத்தான் என் தோள் போனது.