ட்ரட்ஜ் என்று ஒரு நடை

பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். போன வருடம் பாடத்தில் 'ட்ரட்ஜ்' என்ற சொல் வந்தது. 'சிரமப்பட்டு நடத்தல்' என்று கைடில் போட்டிருந்தான் ஒரு புண்ணியவான். அது எப்படிப் போதும்? கோபத்தில் தொம்தொம்மென்று மிதிக்கிறவனுக்கு இந்தச் சொல் ஆகாது. யானைக்கும் ஆகாது. களைத்துப்போய், காலைத் தூக்க மாட்டாமல் இழுத்துக்கொண்டு, ஆனாலும் போயே தீர வேண்டும் என்று போகிறவருக்குத்தான் ஆகும். சேற்றில், மணலில், ஏற ஏறத் தீராத படிக்கட்டில்.

"குட்சிட்டு வர்ற மாதிரியா மிஸ்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

"அது தள்ளாட்டம்டா. உனக்கு ஏது இவ்ளோ அனுபவம்?" என்றேன்.

உதாரணத்துக்கு என் அப்பாவைச் சொன்னேன். நைனா என்றுதான் கூப்பிடுவேன். அரக்கோணத்தில் தண்டவாள வேலையில் வலது முட்டி தேய்ந்துபோய், இப்போது திருத்தணியில் எங்கள் மாடியறையில் இருக்கிறார். ஒரு கால் விழும், மறு கால் உரசிக்கொண்டு வரும். கீழே சமையலறையில் நின்றே தெரிந்துகொள்வேன், நைனா எழுந்துவிட்டார் என்று.

அந்த வாரம் கிருத்திகை. அதற்கு முன் எனக்கு நடந்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மலைக்குப் படியேறி வருவதாக நைனா வேண்டியிருந்தாராம். பஸ்ஸில் போங்கள் என்று கெஞ்சினேன்.

"நடந்து வரேன்னுதாம்மா வேண்டிகினேன். பஸ்ல வரேன்னு இல்ல," என்றார்.

அதோடு பேச்சை நிறுத்திவிட்டார். வேண்டுதலுக்குக் கிளம்பினால் எங்கள் வீட்டில் மௌனம். போனையும் வைத்துவிட்டுத் தனியாகத்தான் போக வேண்டும். திரும்பி வந்து அவராக வாய் திறக்கும்வரை யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் பலிக்காது. கிருத்திகையன்று காலை அப்படியே கிளம்பிப் போனார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மாடிக்குப் போகும் வெளிப்படியில் சத்தம் கேட்டது. ஒரு கால் விழுந்தது, மறு கால் உரசியது. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

"வந்துட்டாரு. நீ பாட்டுக்குப் பேசிடாத," என்றார் என் கணவர்.

மாடிக் கதவு மூடியிருந்தது. சோற்றுத் தட்டை அதன் வெளியே வைத்தேன். உள்ளே நடை ஓயவில்லை. கதவுவரை வந்தது, நின்றது, திரும்பிப் போனது. மறுபடி வந்தது. கூப்பிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு இறங்கினேன்.

சற்று நேரத்தில் போன் வந்தது. மலைப்படியோரம் பூ விற்கிற, எங்களுக்குத் தெரிந்த அம்மா.

"உங்க நைனா பாதிப் படியில குந்திகினு கீறாரு. மத்தியானத்துலர்ந்து கால் வரலியாம், பக்கத்து கடைல சொன்னாங்க. இப்பத்தான் எனுக்கு அடையாளம் தெரிஞ்சிது."

ஓடிப்போய் மாடிக் கதவைத் திறந்தோம். உள்ளே யாருமில்லை. சோறு வைத்தபடியே இருந்தது.

மலையில் நைனா முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உயிரோடு இருக்கிறாரே, அது போதும் எனக்கு. வழக்கமாவது ஒன்றாவது என்று, "நைனா" என்று கூப்பிட்டு அழுதேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கதவாண்ட வந்து வந்து நின்னேனேம்மா," என்றார். "அப்ப ஏன் நீ கூப்பிடல?"