மூன்று இரவுக்கு மேல் தங்காதவள்

கேரவனின் படுக்கையறைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இரண்டு முறை சுவரைத் தட்டும் ஓசை வந்தது. டொக், டொக். கோப்பைகளுக்கு நடுவே துணியைத் திணித்துக்கொண்டிருந்த மெர்ல் கையை நிறுத்தாமல் தலையை மட்டும் திருப்பினாள்.

"நிறுத்தணுமாம்" என்றாள் என்னிடம். "அம்பது வருஷமா நான் பேசினா காதுலயே வாங்கமாட்டாரு. இப்ப பதில் பேச முடியாம மாட்டிக்கிட்டாரு. அதுக்கும் தட்டுறாரு பாரு."

சிரித்தாள். அடுத்த கோப்பையை எடுத்தாள்.

பண்டபெர்க்குக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கும் கேரவன் பூங்காவில் பத்தொன்பது வருடங்களாகச் சலவை அறையைப் பார்த்துக்கொள்கிறவள் நான். ஜூனில் குளிர்காலம் தொடங்கினால், குளிருக்குத் தப்பித் தெற்கிலிருந்து ஓய்வுபெற்ற தம்பதிகள் காரில் கேரவனை இழுத்துக்கொண்டு வரிசையாக வந்து சேர்வார்கள். வீட்டை விற்றுவிட்டு வண்டியையே வீடாக்கிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். மெர்ல் டான்சியும் அவள் கணவன் கிளாரியும் அப்படித்தான். இப்ஸ்விச்சில் இருந்த வீட்டை விற்று இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன.

மாலை வேளையில் மடக்கு நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, புதிதாக வருகிறவர்கள் வண்டியைப் பின்னால் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது எங்கள் பூங்காவில் எல்லோருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. மனைவி பின்னால் நின்று கத்துவாள், கணவன் ஜன்னல் வழியாகத் திருப்பிக் கத்துவான், விவாகரத்து வரை போகும். மெர்லும் கிளாரியும் மட்டும் கத்தியதே இல்லை. அவள் வண்டியின் பக்கச் சுவரைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வா. இரண்டு தட்டு என்றால் நில். அவ்வளவுதான். அவர்கள் முதன்முதலில் ஒரு சின்ன கேரவன் வாங்கியபோது அவர்களுடைய மகன் கிராண்டுக்கு ஆறு வயது. அன்று பின்னால் நின்று தட்டியவன் அவன்தானாம்.

பதினான்கு வாரங்களுக்கு முன்னால் கிளாரிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போயிற்று, வலது பக்கம் போயிற்று. இடது கையும் கட்டிலை ஒட்டிய சுவரும் மிச்சம்.

மெர்லைத் தெரியாத கேரவன்காரர்கள் குறைவு. அவர்களுடைய சங்கப் பத்திரிகையில் பதினாறு வருடங்கள் பயணக் குறிப்பு எழுதியவள். ஊரறிந்த ஊர்சுற்றிகளே அவளுடைய குறிப்புகளைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். அழுக்குத் துணியை மூடி போட்ட வாளியில் சோப்புத் தண்ணீரோடு வைத்து வண்டியில் ஏற்றினால், மண் சாலையின் குலுக்கலே துவைத்துக் கொடுத்துவிடும். மாலை நாலு மணிக்கு மேல் ஓட்டாதீர்கள், கங்காரு குறுக்கே வரும். பெட்ரோல் பாதி இருக்கும்போதே நிரப்புங்கள். மருந்துச் சீட்டின் நகலை இரண்டு இடத்தில் வையுங்கள். எந்த ஊரில் நிறுத்தினாலும் வண்டியின் முகம் வெளியே போகும் வழியைப் பார்த்திருக்கட்டும்.

துணி துவைக்கும் குறிப்பு வெளியான மாதம் என்னிடம் வந்து, "உன் பொழப்புல மண்ணப் போட்டுட்டேன், சலவை மகாராணி" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அப்படிப்பட்டவள்.

பூங்கா முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் ஜூன் மாதம் முழுக்க எல்லா இடங்களுக்கும் முன்பதிவு ஆகியிருந்தது. மே முடிவதற்குள் இடத்தைக் காலி செய்து தரும்படி தயக்கத்தோடு சொன்னார். கிளாரியை இனி ஒரே ஒரு பயணத்துக்குத்தான் கொண்டுபோகலாம், அதுவும் நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்துக்கு என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெர்ல், டூவும்பாவில் இருக்கும் மகனுக்குப் போன் செய்தாள். நேரில் வந்து பேசுகிறேன் என்றான் கிராண்ட். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் அன்று காலை எரிவாயு உருளை போடுகிறவரைக் கெஞ்சிச் சக்கரங்களுக்குக் காற்றடித்து, வண்டியைத் திருப்பி நிறுத்த வைத்திருந்தாள். அதன் முகம் பூங்கா வாசலைப் பார்த்து நின்றது. கோப்பைகள் துணிக்குள் போயின. தன் கேரவனோடு, தன் கணவனோடு, மகன் வீட்டு முற்றத்தில் போய் நிற்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வேறொன்றும் கேட்கவில்லை அந்தத் தாய்.

பதினோரு மணிக்கு கிராண்ட் வந்தான். ஐம்பது வயது, அப்பாவின் தோள்கள், அம்மாவின் மூக்கு. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மெர்ல் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். டீ போட்டாள். அவன் குடிக்கவில்லை. மேஜைமேல் படிவங்களை வைத்துவிட்டு, ஒப்பிப்பதுபோலச் சொன்னான். டூவும்பாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அப்பாவுக்குப் படுக்கை கிடைத்திருக்கிறது. அம்மாவுக்கு ஒரு முதியோர் குடியிருப்பில் ஒற்றை அறை. இரண்டுக்கும் நடுவே காரில் நாற்பது நிமிடம். வண்டியை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது.

மெர்ல் படிவத்தைத் தொடவில்லை.

"உங்க முற்றத்துல இடமிருக்கே, கிராண்ட். கொட்டகைக்குப் பின்னால. தண்ணிக் குழாய் இருக்கு, கரண்ட் இருக்கு. குளிக்கக்கூட உங்க வீட்டுக்குள்ள வரமாட்டோம்."

"எத்தன நாளைக்கும்மா?"

"அவரு இருக்கிற வரைக்கும்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தான். ஓரம் மஞ்சளாகிப்போன பத்திரிகைத் துண்டு. நான்கு மூலைகளிலும் ஒட்டுநாடா கிழிந்த அடையாளம். என் இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

'பிள்ளைகள் வீட்டு முற்றத்தில் மூன்றே இரவு. நான்காம் நாள் காலை இன்ஜினைக் கிளப்பிவிடுங்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் கிளம்ப மனம் வராது. ஆகவே அவர்கள் எழுந்திருக்குமுன் கிளம்புங்கள்.'

"பதினோரு வருஷமா லியான் இத ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி வச்சிருக்கா" என்றான் கிராண்ட். லியான் அவன் மனைவி. "இன்னிக்கு நான் கிளம்பும்போது எடுத்துக் கையில குடுத்தா."

அந்தக் கதை எனக்குத் தெரியும், அரைகுறையாக. கிராண்டுக்கும் லியானுக்கும் ஏழாம் மாதத்திலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பேத்தியைப் பார்க்க மெர்லும் கிளாரியும் வண்டியோடு போய் மகன் வீட்டு முற்றத்தில் நிறுத்தினார்கள். மூன்று இரவு இருந்தார்கள். நான்காம் நாள் காலை வடக்கே கிளம்பிவிட்டார்கள், நண்பர்களின் நான்கு வண்டிகள் வழியில் காத்திருந்தன என்று. ஆறாம் நாள் குழந்தை போய்விட்டது. மகன் கூப்பிட்டபோது அவர்கள் போன் கிடைக்காத காட்டுச் சாலையில் இருந்தார்கள். சேதி தெரிந்து திரும்பி வருவதற்குள் அடக்கமும் முடிந்துவிட்டது. அந்த மாதப் பத்திரிகையில்தான் இந்தக் குறிப்பு வந்தது.

"அது ரெண்டு மாசம் முன்னாலயே எழுதிக் குடுத்தது கண்ணு. அச்சாகி வந்த நேரம் அப்படி."

"எழுதினது முன்னால. சரி. கிளம்பினது?"

மெர்ல் டீக் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஆஸ்பத்திரியிலேருந்து துணி மாத்திக்க வீட்டுக்கு வந்தேன்" என்றான் அவன், குரல் உயராமல். "நீ இருப்ப, ஒரு வாய் டீ போட்டுக் குடுப்பன்னு நெனச்சேன். புல்லு மேல சக்கரத் தடம்தான் இருந்துச்சு. அந்தத் தடத்துல இன்னிக்கி வரைக்கும் லியான் கால் வைக்கமாட்டா. அங்கதான் வண்டிய நிறுத்தணுங்கிற."

எல்லா ஊருக்கும் வழி சொன்னவளுக்கு அந்த இரண்டு அடி மேஜையைத் தாண்ட வழி தெரியவில்லை. கடைசியில் உண்மையைச் சொன்னாள். பதினோரு வருடங்களாக யாரிடமும் சொல்லாததை, என்னிடம்கூடச் சொல்லாததை.

"யாரும் காத்திருக்கல கிராண்ட். அந்த ஃப்ரெண்ட்ஸே 'வர வேணாம், அங்கயே இரு'ன்னாங்க. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. அந்தப் பொட்டிக்குள்ள அது மூச்சு விடுறத என்னால பாக்க முடியல."

"எனக்கும் பயமாத்தாம்மா இருந்துச்சு."

அவன் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போனான். குனிந்து அப்பாவின் நெற்றியில் முத்தமிடுவது திறந்திருந்த இடைவெளியில் தெரிந்தது. போர்வையைச் சரி செய்தான். திரும்பி வந்து, படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தான். வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வரும் என்றான். அம்மாவின் தோளில் கை வைக்கப் போனவன், நாற்காலியின் முதுகில் வைத்தான்.

கதவைத் திறந்தான். ஒரு கால் படியில் இருந்தது.

உள்ளேயிருந்து கேட்டது. டொக், டொக்.

கிராண்ட் அப்படியே நின்றான். ஆறு வயதில் தன் கையாலேயே அதைத் தட்டியவன். அதன் அர்த்தத்தை அவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மெர்ல் தலை நிமிர்ந்து பார்த்தாள். கைப்பிடியில் அவன் விரல்கள் வெளுத்துப் போயின.

மறுபடியும், இந்த முறை மெல்ல. டொக், டொக்.

அவன் இரண்டாவது காலையும் படியில் வைத்தான். அந்தக் கதவை அழுத்திச் சாத்தாவிட்டால் தாழ் விழாது. வெளியே நின்றபடி தோளைக் கொடுத்து, தாழ் விழும்வரை அழுத்திச் சாத்தினான்.