இந்தப் பக்கத்து மான்

மான் புழுக்கை பொறுக்குவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களிடம் அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. பதினெட்டு வருடமாகத் தற்காலிக ஊழியராகவே இருப்பவருக்குக் கோபம் கட்டுப்படியாகாது. காட்டை நடுவில் பிளந்துகொண்டு எட்டு வழிச் சாலை ஓடுகிறது. அதன் இரண்டு பக்கமும் நடந்து, ஈரம் காயாத புழுக்கையாகப் பார்த்து எடுத்து, குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டி ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். புழுக்கைக்காரர் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சொந்த மருமகனே முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் சொல்கிறான்.

ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா ஊசி போடாத டாக்டர். புழுக்கையில் இருக்கும் மரபணுவை வைத்தே எந்த மான் எதற்கு அக்கா, எது எதற்குச் சித்தப்பா என்று சொல்லிவிடுவார். இரண்டு பக்கத்து மான்களும் சாலையைத் தாண்டிக் கலந்தால் கவலையில்லை. கலக்காவிட்டால், சின்னக் கூட்டம் தனக்குள்ளேயே குட்டி போட்டு, நோஞ்சானாகி, ஒருநாள் இல்லாமலே போய்விடும். அப்படியென்றால் சாலைக்கு மேலே மான்களுக்கென்று புல் முளைத்த பாலம் ஒன்று கட்டியாக வேண்டும்.

முடிவு வந்தது. "ஒரே குடும்பம் ரெண்டு பக்கமும் இருக்கு. நல்லாவே போக்குவரத்து நடக்குது. பாலமே தேவையில்லை" என்றார் டாக்டரம்மா.

மேலிடத்துக்கு வாயெல்லாம் பல். கட்டாத பாலத்துக்கு இவ்வளவு பாராட்டு எந்த ஊரிலும் கிடைத்திருக்காது. அந்தக் குஷியில் புழுக்கைக்காரரை நிரந்தரமாக்கும் உத்தரவும் தயாரானது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவருக்கு மனசு ஒப்பவில்லை. சாலைக்கு அப்பால் இருப்பவை மொத்தமே பதினோரு மான். எல்லாவற்றுக்கும் இடது காது மடங்கியிருக்கும். காது மடங்கிய மான் ஒன்றைக்கூட ஆய்வுக்கூடம் இருக்கிற பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. பழைய குப்பிகளை எடுத்துப் பார்த்தார். சீட்டில் 'இ' என்றால் இந்தப் பக்கம், 'அ' என்றால் அந்தப் பக்கம். சாலைக்கு அப்பால் எடுத்ததை ஆய்வுக்கூடத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதிய நாட்களில் 'அ' போட்டிருந்தார். அங்கேயே நின்று எழுதிய நாட்களில்?

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் ஒரு குப்பியோடு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார்.

"இது எங்க எடுத்தது?"

"இந்தப் பக்கம்மா."

"எந்தப் பக்கம்?"

"நான் நின்ன பக்கம். ரோட்டுக்கு அங்கிட்டு. நான் நிக்கிற இடம் எனக்கு எப்படிம்மா அந்தப் பக்கமா இருக்கும்?"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். இயக்குநர் அறையில் வேறு மாதிரிப் பேச்சு.

"பதினெட்டு வருஷம் பொறுத்தீங்க. இன்னும் ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

அறிக்கையைத் திரும்ப வாங்கினார்கள். புழுக்கைக்காரர் வலிக்கிற முழங்காலோடு மறுபடி நடந்து, இந்த முறை கிழக்கு, மேற்கு என்று முழுசாக எழுதினார். உண்மை வெளியே வந்தது: பதினொன்றும் ஒரே தகப்பன் வழி, ஒன்றுகூட சாலையைத் தாண்டியதில்லை. பாலத்துக்காக ஒரு குழு போட்டார்கள். குழுவுக்குத் தலைவர் யார் என்று முடிவு செய்ய இன்னொரு குழு போட்டார்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும் சட்டென்று நடந்தது. கவனக்குறைவு என்று எழுதி, புழுக்கைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மனைவி கதவைத் திறந்ததும் கையிலிருந்த பையைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். வந்த அழுகை கோபமாகத்தான் வெளியே வந்தது.

"பதினோரு மானுக்காக வேலையைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறீங்களே, உங்களுக்கே இது நல்லாயிருக்கா?"

அவர் செருப்பைக் கழற்றினார்.

"பத்து. காலைல ஒண்ணு ரோட்டைத் தாண்டப் பார்த்துச்சு."