மாமனார் சத்தம் போடாத காலை

வயதானவர்களின் குரலைக் கேட்டே உடல்நிலையைக் கணிக்கும் கருவி ஒன்றை எங்கள் சின்னக் கம்பெனி செய்துகொண்டிருந்தது. தினமும் காலையில் போன் தானாக அடிக்கும். "நல்லாத் தூங்குனீங்களா? மூச்சு வாங்குதுங்களா?" என்று கேட்கும். பதில் சொல்லும் குரலை அளந்து, நலமென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு காட்டும். கேட்கும் குரல் என்னுடையது. காசு வாங்காத குரல் வேறு கிடைக்கவில்லை.

சோதித்துப் பார்க்க ஒரு நோயாளி வேண்டும். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில், நாங்கள் இருக்கும் சித்தூரில் என் பேச்சை யாரும் நம்புவதில்லை. குமுளிப் பக்கம் மலைமேல் ஆனைக்கரையில், இதய நோயோடு, மாப்பிள்ளை கேட்டால் மறுக்க முடியாத ஒரு மாமனார் இருந்தார்.

ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். இந்தச் சரிவில் நின்று எதிர்ச் சரிவில் காய் எடுப்பவர்களைக் கூப்பிட்டே பழகிய தொண்டை. "நல்லாத்தான் இருக்கேன்!" என்று அவர் முழங்கியதும் கருவி மிரண்டு சிவப்பு காட்டியது. தினமும் சிவப்பு.

"ஏனுங்க மாமா, கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதுங்களா?"

"மெதுவாப் பேசுனா சித்தூருக்கு எப்படி மாப்ளே கேக்கும்?"

ஒரு நாள் பச்சை வந்தது. மாமனாரையே அடக்கிவிட்டோம் என்று ஆபீசில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். பிறகு பெருமையடிக்க மாமியாருக்குப் போன் போட்டேன்.

"அத்தை, இன்னைக்கு மாமாவுக்குப் பச்சைங்க!"

"பச்சையாவது மஞ்சளாவது! விடிஞ்சதுல இருந்து மனுசன் ஒரு சத்தம் போடல மாப்ளே. காப்பி ஆறிக் கெடக்கு, அதுக்குக்கூட என்னையத் திட்டல. எனக்குப் பயமா இருக்கு."

காலையில் பதிவான குரலைப் போட்டுக் கேட்டேன். "நல்லாத்தான்" என்று சொல்லி நிறுத்தி, மூச்சை இழுத்து, "இருக்கேன்" என்றார். கருவிக்கு அது சாந்தம்.

"அத்தை, பக்கத்து ஊட்டு ஜீப்புல உடனே குமுளி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாங்க கெளம்பறோம்."

பொள்ளாச்சியில் இருந்து கம்பம் வரை, எத்தனையோ பஸ் மாறியும், மனைவி என்னிடம் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பதைப் பச்சை என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. அவளுடைய வழக்கம் எனக்குத் தெரியும். அவள் அப்பாவின் வழக்கத்தை மட்டும் கருவிக்குச் சொல்லிக் கொடுக்காமல், ஊருக்கெல்லாம் ஒரே அளவு வைத்திருந்தேன்.

நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர்.

சில நாள் கழித்து மாமனார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தபோது அவருடைய போன் அடித்தது. "மூச்சு வாங்குதுங்களா?" என்றது என் குரல். அவர் போனைப் பார்த்தார், எதிரே நின்ற என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல நின்னுக்கிட்டு எதுக்கு மாப்ளே போன்ல கேக்கீக?"

அறையே அதிர்ந்தது. "அப்பச்சா, பதுக்கே!" என்று மலையாளத்தில் கெஞ்சி, வாயில் விரல் வைத்தபடி நர்ஸ் ஓடி வந்தார். என் போனில் சிவப்பு எரிந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார்.

"இது நல்லதா மாப்ளே, கெட்டதா?"

"நல்லதுங்க அத்தை" என்றேன். "ரொம்ப நல்லதுங்க."