சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

பன்னீரில் குழைத்த சந்தனம், டைப்ரைட்டர் ரிப்பன் மை, பொரிகடலை... மூன்றும் கலந்த ஒரு வாசனை. அரூரில் நான் வேலை பார்த்த டைப்பிங் இன்ஸ்டிடியூட் ஆயுத பூஜை அன்று அப்படித்தான் மணக்கும்.

போன வாரம் என் கம்ப்யூட்டர் கலெக்‌ஷனின் போட்டோவைப் போட்டபோது, அந்தச் சின்னக் கறுப்புக் கம்ப்யூட்டரில் மஞ்சள் கறை எப்படி வந்தது என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அந்தக் கதைதான் இது.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நின்றிருந்தேன். மெஷின்களைத் துடைப்பது, எழுத்துகளில் அடைந்த மையைப் பிரஷ் போட்டு எடுப்பது, ரிப்பன் மாற்றுவது... இதுதான் வேலை. யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே மெஷினுக்குப் பின்னால் குனிந்துகொள்வேன்.

இன்ஸ்டிடியூட்டை நடத்தியவர் மாஸ்டர். பெங்களூரில் இருந்த அவருடைய தம்பி, தான் புதிதாக வேறொன்று வாங்கியதும், தன் பழைய கம்ப்யூட்டரை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கீபோர்டுதான் கம்ப்யூட்டரே. ரப்பர் கீகள். டிவியில் மாட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டை ஓட விட்டால் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே புரோகிராம் ஏறும். நான் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே நிற்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு டைப்ரைட்டர்களுக்கெல்லாம் நெற்றியில் மட்டும் பட்டை. கம்ப்யூட்டர் புது விருந்தாளி அல்லவா? மாஸ்டர் ஒரு கீயைக்கூட விடாமல் தாராளமாகப் பொட்டு வைத்தார். சந்தனம் தண்ணீராக இருந்தது. உள்ளே இறங்கிவிட்டது.

பூஜை விடுமுறை முடிந்து ஆன் செய்தால், யாரும் தொடாமலே திரை முழுக்க L... L... L...

"மாஸ்டர், கம்ப்யூட்டருக்கு சாமி வந்துருச்சுங்க!" என்று டைப்பிங்கில் ஹையர் பரீட்சைக்குப் படிக்கிற அக்கா கத்த, ஒரே சிரிப்பு.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "போச்சு. ஞாயித்துக்கிழம தம்பி வருவான். எடுத்துட்டுப் போயி பழைய சாமான் கடையில போடட்டும்."

துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தேன். "மாஸ்டர்... அத நான் எடுத்துக்கட்டுங்களா?"

டைப் அடிக்கிற சத்தம் மொத்தமாக நின்றது. நான் பேசி அங்கே பாதிப் பேர் கேட்டதே இல்லை.

மாஸ்டர் என்னையே பார்த்தார். "ஓட வச்சுக் காட்டு ஸ்டெல்லா. எடுத்துக்க."

திருகுகளைக் கழற்றி, ரப்பரைத் தூக்கினேன். அடியில் கோடு கோடாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதன்மேல் காய்ந்துபோன சந்தனம். டைப்ரைட்டருக்குப் போடுகிற மண்ணெண்ணெயை எடுக்கப் போய், ரப்பர் உருகிவிடுமோ என்று பயந்து வைத்துவிட்டேன். பஞ்சை நனைத்துப் பிழிந்து கொஞ்சம் கொஞ்சமாக ஒற்றி எடுத்தேன். நிழலில் காய வைத்தேன். ரப்பரின் மேல் ஏறிய கறை மட்டும் போகவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரும் தம்பியும் பின்னால் நிற்க, ஆன் செய்தேன். திரை சும்மா இருந்தது! என் பெயரை அடித்தேன். STELLA. எத்தனை L வேண்டுமோ அத்தனைதான் வந்தது.

"அட! அண்ணா, ஓடுதுன்னா நாமளே வச்சுக்கலாமே?" என்றார் தம்பி.

மாஸ்டர் தாடையைச் சொறிந்தார். இப்போது விட்டால் போச்சு...

"நீங்க சொன்னீங்க மாஸ்டர். ஓட வச்சா எடுத்துக்கன்னு எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க."

"யம்மாடி! உனக்கு இவ்ளோ சத்தம் வருமா?" மாஸ்டர் சிரித்துவிட்டார். "எடுத்துட்டு வாடா அந்த ஒயரையும். பையில போட்டுக் குடு அவளுக்கு" என்றார் தம்பியிடம்.

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். "என்னம்மா அது, ஆர்மோனியமா?" என்றார் கண்டக்டர். "கம்ப்யூட்டருங்க!" என்றேன், டிரைவருக்கே கேட்டிருக்கும்.

அம்மாதான் தலையில் அடித்துக்கொண்டார். "டிவியே இல்லாத வூட்டுல இத வச்சு என்னடி பண்ணுவ?"

தினமும் அதைப் பையில் கொண்டுபோய், வகுப்பு முடிந்த பிறகு மாஸ்டரின் டிவியில் மாட்டிக்கொள்வேன். அவர் தடுத்ததே இல்லை.

இன்று தருமபுரியில் என் மாடி அறை முழுக்கக் கம்ப்யூட்டர்கள். ஃப்ளாப்பி போடுகிறவை, டிடிபி சென்டர் நடத்திய காலத்துப் பெட்டி மானிட்டர்கள், மகன் வாங்கித் தந்த லேப்டாப். பட்டனைத் தொட்டால் தயார். ஒரு கேசட் ஏறி முடிகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகம் மட்டும் இதில் இல்லை...

பக்கத்து வீட்டுச் சின்னப் பெண் அடிக்கடி வருவாள். "ஆன்ட்டி, இவ்ளோ வச்சிருக்கீங்களே, எனக்கு ஒண்ணு குடுங்க" என்பாள். எவ்வளவு லேசாகக் கேட்கிறாள்! பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது.

போன மாதம் ஒன்று கொடுத்தும் விட்டேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன், அந்தக் கறுப்பைத் தவிர.