என் வாசலில் இருந்த ஆண் சப்பாத்து

ஆறு வருடங்களுக்கு முன்பு, திருமணம் ஆவதற்கு முன், நான் மாசாய் என்ற ஊரில் ஓர் அடுக்குமாடி வீட்டில் தனியாக வாடகைக்கு இருந்தேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. நான் குடிபோய் இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் அங்கே வந்தார். அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் குடும்ப வீடு பண்டார் தெங்காராவில். அப்பா முப்பது வருடமாகச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர். எனக்குப் படிப்பு முடிந்ததும் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை கிடைத்தது. போக ஒன்றேகால் மணி நேரம், வர ஒன்றேகால் மணி நேரம். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஒரு வருடம் அப்படி ஓட்டினேன். ஒருநாள் வேலை முடிந்து வரும்போது கண் சொருகிவிட்டது. முழித்துப் பார்த்தால் கார் சாலையை விட்டு இறங்கிப் புல்லில் நிற்கிறது. முன்னால் மழைத் தண்ணீர் ஓடும் கால்வாய். இன்னும் ஓரடி போயிருந்தால் உள்ளேதான். இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில், மாசாயில் வீடு தேட ஆரம்பித்தேன்.

என்னோடு வேலை செய்த ஒரு பெண்ணும் கூட வந்து தங்குவதாக இருந்தது. கடைசி நேரத்தில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அப்போதே நானும் பின்வாங்கியிருக்கலாம். பின்வாங்கவில்லை. அது தைரியமா பிடிவாதமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்குப் பிடிக்கவே இல்லை. "சொந்த வீடு இருக்கும்போது வாடகை வீடு எதுக்கு? கல்யாணம் ஆகாத பிள்ளை தனியா இருந்தா நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்று இரண்டு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் கிளம்புவதற்கு முந்தின நாள் ஒன்றே ஒன்று சொன்னார். "ஒரு தப்பான பேச்சு என் காதுக்கு வந்தாலும் சாவியைத் திருப்பிக் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடணும்." சரி என்று தலையாட்டினேன். உறவினர்களிடம் நான் கம்பெனி ஹாஸ்டலில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார் என்று அம்மா பிறகு சொன்னார்.

உண்மையைச் சொல்வதென்றால், அந்த வீட்டில் நான் ரொம்பப் பயந்துதான் இருந்தேன். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறுவேன். யாராவது கதவைத் தட்டினால் சத்தமே போடாமல் நின்றுவிடுவேன். இதைக் கேட்டுவிட்டு, தொழிற்சாலையில் தனியாக வீடெடுத்துத் தங்கியிருந்த மூத்த பெண் ஊழியர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "வாசல்ல ஒரு ஆம்பளைச் சப்பாத்தைப் போட்டு வை. உள்ளே ஆளிருக்குன்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் வச்சிருக்கேன் லா."

எங்கள் தொழிற்சாலை ஸ்டோரில் ஒரு பெரிய பெட்டி உண்டு. கால் விரலைக் காக்க முன்பக்கம் இரும்பு வைத்த பழைய பாதுகாப்புச் சப்பாத்துகளை அதில்தான் போடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது போய், வெட்கத்தில் சரியாகக்கூடப் பார்க்காமல், கையில் கிடைத்த இரண்டை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசலில் அவற்றைக் கழற்றி எறிந்தது போல ஒன்றை நேராகவும் ஒன்றைச் சாய்த்தும் வைத்தேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை துடைப்பத்தால் தள்ளி இடம் மாற்றுவேன். மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைப்பேன். ஆள் நனைந்து வந்திருக்க வேண்டுமல்லவா.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒருநாள் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் உள்ளே எட்டிப் பார்ப்பது போல எனக்குத் தோன்றியது. பாவம், அவர் சிலிண்டரை எங்கே வைப்பது என்றுதான் பார்த்திருப்பார். நான் பதற்றத்தில், "வீட்டுக்காரர் தூங்குறார், நைட் ஷிப்ட்" என்று மலாயில் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே குடியிருந்த ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஐம்பது வயதிருக்கும், பள்ளிக் கேன்டீனில் வேலை. கதவுக்கு மேலே மாதா படம் மாட்டியிருப்பார். அதுவரை வணக்கம் சொன்னதைத் தவிர நான் அவரிடம் பேசியதில்லை. அதன் பிறகு அவர் எப்போதாவது, "வீட்டுக்காரர் நல்லா இருக்காரா?" என்று கேட்பார். நான் "தூங்குறார் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். சொன்ன பொய்யைத் திரும்ப வாங்குவது எப்படி என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே டோபிக் கடைக்குப் போயிருந்தேன். துவைத்த துணியோடு திரும்பி வந்தால், எங்கள் பிளாக்குக்கு முன்னால் அப்பாவின் கார் நின்றது. அப்பா உள்ளே உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங் மேல். எனக்குச் சந்தோஷத்தில் ஓடிப்போகத் தோன்றியது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக வந்திருக்கிறாரே. பக்கத்தில் போனதும்தான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மேலே போயிட்டுதான் வந்தேன்" என்றார். "எதிர்வீட்டு அம்மா சொன்னாங்க. உன் வீட்டுக்காரரு உள்ளே தூங்குறாராம். எழுப்ப வேண்டாம்னு சொன்னாங்க."

துணிக்கூடையைத் தரையில் இறக்கி வைத்தேன்.

"அப்பா, அது..."

"சப்பாத்தையும் பார்த்தேன். உன்னை ஒன்னும் கேட்கலை. சாமானை எடுத்துட்டு வா, வீட்டுக்குப் போலாம்."

அப்பா கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் குரல் உடைந்திருந்தது. நடுத்தெருவில் நின்று அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். சப்பாத்து, கேஸ்காரர், என் வாயிலிருந்து வந்த பொய், எல்லாம். அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் குழாயை மூடிவிட்டு மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அப்பா நம்பவில்லை. நான் சொன்னதை நானே கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "மேலே வாங்கப்பா, வந்து பாருங்க" என்று கெஞ்சினேன்.

மூன்று மாடியும் அவர் முன்னால் ஏறினார், நான் பின்னால். வீட்டைத் திறந்து இரண்டு அறையையும் காட்டினேன். அப்பா அறைகளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. மகளின் வீட்டில் அப்படித் தேடுவது அவருக்கே கூச்சமாக இருந்திருக்கும். வாசலுக்குத் திரும்பியவர் குனிந்து அந்தச் சப்பாத்துகளைக் கையில் எடுத்தார். முப்பது வருடம் அதே மாதிரிச் சப்பாத்தைப் போட்டு நடந்தவர். ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார். இரண்டையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் இடது கால்" என்றார்.

நான் அப்போதுதான் பார்த்தேன். ஒன்று கொஞ்சம் பெரியது, ஒன்று கொஞ்சம் சின்னது. இரண்டும் இடது காலுக்கானவை. இத்தனை நாளாகத் தள்ளித் தள்ளி வைத்தேன், தண்ணீர் தெளித்தேன், ஒரு நாளும் சரியாகப் பார்க்கவில்லை. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறவள்.

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

"இவ்வளவு பயந்துக்கிட்டு இங்க எதுக்கும்மா இருக்கே?"

கால்வாய்க்கு ஓரடி முன்னால் கார் நின்ற கதையை அப்போதுதான் சொன்னேன்.

"இதை ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொன்னா வேலையை விடச் சொல்வீங்க."

யோசித்துவிட்டு, "சொல்லியிருப்பேன்தான்" என்றார்.

"இங்க பயமாத்தான் இருக்குப்பா. ஆனா காலையில எழுந்தா நல்லாவும் இருக்கு" என்றேன். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அவர் எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தார். "சரி, நீ பயத்துல சொன்னே. ஊர் அப்படித்தானே நம்பிக்கிட்டு இருக்கு? இந்த அம்மா எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பாங்களோ." நியாயமான கேள்விதான். ஒரு பேச்சு காதுக்கு வந்தால் திரும்பி வந்துவிடுவதாகத் தலையாட்டியிருந்தேனே. பேச்சு வந்துவிட்டது. அதைக் கிளப்பிவிட்டவளும் நானே. வேறு வழி தெரியாமல் போய் அந்தக் கதவைத் தட்டினேன். இவர் என் அப்பா, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, இத்தனை நாளும் உங்களிடம் பொய் சொன்னேன், மன்னித்துவிடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஆன்ட்டி காலையில் மாதா கோயிலுக்குப் போய் வந்திருந்தார் போல, நல்ல சேலையில் இருந்தார். என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"அலமாக், அப்பாவா?" என்று நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "உனக்குக் கல்யாணம் ஆகலைன்னு எனக்கு முதல் வாரமே தெரியும்மா. உன் கொடியில ஒரு ஆம்பளைத் துணி காஞ்சு நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரர் தூங்குறார்ன்னு சொல்லிட்டு உள்ளே போய் மிக்ஸியில சட்னி அரைப்பே. எந்தப் புருஷன் அதுக்குச் சும்மா இருப்பான்?" என்றார்.

"அப்போ என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று அப்பா கேட்டார்.

"பின்னே என்ன சொல்றதுண்ணே? முன்னே பின்னே பார்க்காத ஆளு. பெட்டியை வச்சுக்கிட்டு, கதவையும் பூட்டையும் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டு நிக்கிறீங்க. பிள்ளை தனியா இருக்கான்னு சொல்லவா முடியும்? அவ சொல்ற பொய்யையே நானும் எடுத்துச் சொன்னேன். வேற யார்கிட்டயும் நான் இதைப் பேசினதில்லை. அது அவளோட விஷயம்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பவும் சாமானை எடுக்கச் சொல்லப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் ஆன்ட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிம்மா. அப்படியே சொல்லுங்க. யார் வந்து கேட்டாலும் அப்படியே சொல்லுங்க" என்றார்.

பிறகு என்னிடம், "பெட்டியைக் கார்ல வச்சிட்டேன். எடுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தப் பெட்டியில் டிரில்லும், புதிதாக வாங்கிய தடித்த தாழ்ப்பாளும், வெளியே யார் என்று பார்க்கக் கதவில் பொருத்தும் பார்வைக் கண்ணாடியும் இருந்தன. கதவின் அளவு பார்க்கத்தான் அவர் பூட்டைத் தடவிக்கொண்டு நின்றிருக்கிறார். இரண்டு மாதமாகக் கோபத்தில் வராமல் இருந்தார் என்று நான் நினைத்திருந்தேன். கோபம் இருந்திருக்கும், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாளைத் தேடி வாங்கியும் வைத்திருக்கிறார்.

ஒன்றரை மணி நேரம் வேலை செய்தார். பார்வைக் கண்ணாடி என் கண்ணுக்குச் சரியான உயரத்தில் இருக்க வேண்டும் என்று என்னைக் கதவில் சாய்ந்து நிற்கச் சொல்லிப் பென்சிலால் குறித்தார். ஆன்ட்டி கோப்பியும் வறுத்த மீஹூன் நூடுல்ஸும் கொண்டுவந்து கொடுத்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே வாசலைப் பார்த்து, "அந்தச் சப்பாத்து இருக்கட்டும். அடுத்த தடவை வரும்போது ஒரு வலது கால் கொண்டாரேன்" என்றார். கோப்பி குடித்துக்கொண்டிருந்த ஆன்ட்டிக்குப் புரையேறிவிட்டது.

மதியம் அப்பா தனியாகவே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நான் மூன்றாவது மாடி நடையிலிருந்து பார்த்தேன். கார் உடனே நகரவில்லை. ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார் போல. மனசு மாறி மேலே வந்துவிடுவாரோ என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. அடுத்த வாரம் அம்மா போனில், "உங்கப்பா இப்போ ஹாஸ்டல்னு சொல்றதில்லை. மகள் மாசாயில் வீடு எடுத்திருக்கான்னு சொல்றார்" என்றார்.

அந்த வீட்டில் இரண்டு வருடம் இருந்தேன். பிறகு திருமணமாகி செனாய்க்கு வந்துவிட்டேன். இப்போது என் மகளுக்கு இரண்டரை வயது. அவள் விளையாட்டுத் திடலில் என் கையை உதறிவிட்டு ஓடினாலே எனக்குப் பயம். கூப்பிடலாமா, விடலாமா, விழுந்தால் என்ன செய்வது என்று நின்ற இடத்திலேயே பத்து முறை மாற்றி மாற்றி யோசிக்கிறேன். நான் நல்ல அம்மாதானா என்ற சந்தேகம் வராத நாள் இல்லை.

அப்படிப்பட்ட நாட்களில், அன்று கிளம்பாமல் கீழே நின்ற காரை நினைத்துக்கொள்கிறேன். உள்ளே இருந்தவருக்கும் பயம் போயிருக்காது, ஆனாலும் வண்டியை எடுத்தார். என் மகள் ஒருநாள் தனியாக ஒரு வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, பயத்தோடேயே என்னாலும் அதைச் செய்ய முடியும் என்று நம்பத் தொடங்கியிருக்கிறேன்.