குறுக்கெழுத்தில் போன கேக்

எங்கள் சித்தப்பாவிடம் போய்க் குறுக்கெழுத்துப் போட்டி தயாரிக்கச் சொன்ன பங்குத்தந்தையைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஓமலூர்ப் பக்கம் எங்கள் பங்கின் வாட்ஸப் குரூப்பில் அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு போட்டி. பாட்டு, பலகாரம், பழக்கவழக்கம் எல்லாம் கேள்வியாக வரும். எல்லாவற்றையும் சரியாக எழுதுகிறவருக்குப் பெரிய பிளம் கேக். எனக்கு ஒன்பது வயது. பேக்கரிக் கண்ணாடிக்குள் அந்தக் கேக்கைப் பார்த்ததிலிருந்து சோறே இறங்கவில்லை.

சித்தப்பா கேள்வி போட்ட லட்சணத்தைக் கேளுங்கள். கிறிஸ்துமஸ் குடிலில் புல்லுக்கு எதை முளைக்கப் போடுவோம்? ஊரே கேழ்வரகு என்றது; அவர் விடை கொள்ளு. பூசை முடிந்து வந்ததும் முதலில் வாயில் போடுவது? ஊருக்குக் கேக், அவருக்கு எண்ணெயில் சுட்ட கச்சாயம். கேரல் பாட்டுக்கு எதைத் தட்டுவோம்? ஊரெல்லாம் டிரம்ஸ் தட்ட, இவருக்குத் தகரடப்பா! குரூப்பில் ஒரே கூச்சல். எங்கள் வீட்டுப் பழக்கத்தை உலகத்துப் பழக்கமாகக் கேட்டு வைக்கிற மனுஷனை என்னதான் செய்வது?

எனக்கோ அத்தனை விடையும் அத்துப்படி. ஆனால் போட்டி வைத்தவர் வீட்டார் எழுதக்கூடாதாம். சித்தப்பாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன்.

“சும்மா இரு சாமி, இது வேறொருத்தருக்காக வெச்சது” என்றார். என்ன அநியாயம் பாருங்கள்!

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் பங்குத்தந்தை முடிவை வாசித்தார். எல்லாம் சரியாக எழுதியது ஒரே ஒருவர், வாழப்பாடிக்காரர். கடைசி வரிசையிலிருந்து பொட்டு வைத்த ஒரு பெண் எழுந்து வந்து கேக்கை வாங்கிக்கொண்டார். அப்பாவின் அதே மூக்கு.

“உங்க அத்தை” என்று அம்மா காதில் சொன்னார்.

இந்துப் பையனைக் கட்டிக்கொண்டு போன அத்தை ஒருவர் உண்டு, அவர் பேச்சை எடுத்தாலே அப்பா எழுந்து போய்விடுவார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குச் சித்தப்பாதான் கேள்விகளை அனுப்பியிருக்கிறார். எங்கள் வீட்டில் வளர்ந்தவருக்குக் கொள்ளும் கச்சாயமும் தெரியாமலா போகும்?

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு சட்டம், இவருக்கு ஒரு சட்டமா?

“ஃபாதர், செல்லாதுங்க! அவங்களும் எங்க ஊடுதானுங்க!” என்று கத்தியேவிட்டேன்.

பங்குத்தந்தை அப்பாவைப் பார்த்தார். “பாப்பா சொல்றது நிஜமாங்க?”

அத்தை கையில் கேக்கோடு தரையைப் பார்த்தபடி நின்றார். அப்பா ஒரு ‘இல்லை’ சொல்லியிருந்தால் கேக் அவருக்கே போயிருக்கும். அப்பா எழுந்தார்.

“ஆமாங்க. எங்க ஊட்டுப் பொண்ணுதானுங்க. பரிசு எங்களுக்கு வேண்டாமுங்க.”

அத்தை விம்மி அழுதார். அம்மாவும் அழுதார். சித்தப்பா மூக்கை உறிஞ்சினார். அடுத்தபடியாக அதிக விடை எழுதியிருந்த எங்கள் தெருப் பையன் ஒருவன் கேக்கைத் தூக்கிக்கொண்டு போனான்.

அப்பா நேராக அத்தையிடம் போய், “மாப்பிள்ளைய எதுக்கு வெளிய நிக்க உட்ட?” என்று அதட்டினார்.

வீடு வரைக்கும் நான் ஒருவரோடும் பேசவில்லை. கைக்கு வந்த கேக்கைக் கோட்டை விட்டுவிட்டு, இந்தப் பெரியவர்கள் எல்லோரும் எதற்காக இப்படிச் சிரித்துக்கொண்டே வருகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.